கொழுந்து மலையில் இரு சக்கரம்: கேள்வி – பதில்

கேள்வி: நடந்தாலே வழுக்கும் தேயிலை மலையில் சைக்கிள் ஓட்டுவோர் அப்படி எதைத்தான் தேடுகிறார்கள்?

பதில்: பாதையைத் தேடுகிறார்கள். பழைய சைக்கிள்களை மண் சரிவில் உருட்டிவிட்ட கலிபோர்னிய இளைஞர்களிடையே 1970களில் பிறந்த இவ்விளையாட்டுக்குக் கரடுமுரடான பாதையே ஆடுகளம். இலங்கையின் மலையகத்திலோ அது இருவகையில் கிடைக்கிறது. மாட்டுவண்டி ஏறுவதற்காக அன்று வெட்டப்பட்டு, சரிவைச் சுற்றிச்சுற்றி மெல்ல உயரும் கார்ட் ரோட்டு ஒன்று. அதன் வளைவுகளைப் பொருட்படுத்தாமல் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து மடுவத்துக்கும், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைக்கும், செங்குத்தாக ஏறி இறங்கும் குறுக்குப்பாதை மற்றொன்று. முன்னதை வகுத்தவை அளவைக் கருவிகள். பின்னதை வகுத்தவை நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய கால்கள். வீரர்கள் தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டு சவாலெனக் கொண்டாடுவது இந்தப் பின்னதைத்தான். அதே பாதையில் கொழுந்துச் சுமையோடு நாள்தோறும் இறங்கும் பெண்ணுக்குக் கேமராவும் இல்லை, கவசமும் இல்லை.

கேள்வி: ஓஹியாவிலிருந்து களுபஹனைக்கு இறங்கும் ‘டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ்’ பாதைக்குப் பேயின் பெயரைச் சூட்டியது நியாயமா?

பதில்: பேய்க்கு அது மானநஷ்டம் என்றே சொல்லவேண்டும், அங்கே ஆளை வீழ்த்துபவை ஈரக் கல்லும், கொண்டையூசி வளைவும், இடைவிடாமல் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் விரல்களுமே. ஓஹியா கடல்மட்டத்திலிருந்து 1,700 மீற்றருக்கு மேல் இருக்க, பாதை போய்ச் சேரும் பெலிஹுல்ஓயாப் பக்கம் அதைவிட ஆயிரம் மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. எண்பது கிலோ ஆளும் பதினைந்து கிலோ வண்டியும் ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஒன்பது லட்சம் ஜூலைத் தாண்டும். இது இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வழியில் எதிர்ப்படுவோர் அனைவருக்கும் தேநீர் ஊற்றப் போதுமானது. காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது போக எஞ்சிய வெப்பத்தைப் பிரேக்கே தாங்கவேண்டியிருப்பதால், மெல்ல அழுத்தியபடியே இறங்குபவரின் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. எனவே வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுவதும், சீற்றைத் தாழ்த்தி உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளுவதும் முறையாகும். நுவரெலியாவில் வாடகைச் சைக்கிள் எடுப்பவர் கியரை எண்ணுவதற்கு முன் பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்ப்பது நலம்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?

பதில்: தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தையும், வடகீழ் பருவமழை ஆண்டிறுதியில் ஊவாப் பக்கத்தையும் நனைப்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட பெப்ரவரி, மார்ச் மாதங்களே வசதியானவை. மற்ற மாதங்களில் அட்டைகள் உள்ளூரார், வெளியூரார் என்ற பேதமின்றி வரவேற்கும்.

கேள்வி: சிறுத்தை வந்தால் என்ன செய்வது?

பதில்: ஹட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் சிறுத்தை வாழ்வது உண்மையே, எனினும் மனிதரைக் கண்டால் அது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். ஒதுங்காதது குளவி. கொழுந்து பறிப்போர் குளவி கொட்டி மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்தி மலையகப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. மரத்திலோ பாறையிலோ கூட்டைக் கண்டவர் கூச்சலிடாமல் வந்த வழியே திரும்புவது நன்று. அதைப் படமெடுப்பதற்காக நெருங்குபவருக்கு இப்பகுதியில் விடை கிடையாது.

கேள்வி: குறுகிய பாதையில் யார் யாருக்கு வழிவிடவேண்டும்?

பதில்: சுமப்பவருக்குச் சுமக்காதவரும், ஏறுபவருக்கு இறங்குபவரும், இவர்கள் எல்லோருக்கும் சைக்கிள்காரரும். கண்டி, ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதையும் பெரும்பாலும் தோட்டங்களூடாகவே செல்கிறது. அது முதலில் நடப்போருக்கானது என்பதை மணியடித்து வழிகேட்போர் மறந்துவிடுகிறார்கள். பாதையை விட்டு விலகித் தேயிலை நிரைகளுக்குள் இறங்குவதோ எவ்வகையிலும் தகாது. மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி சரிவுக்குக் குறுக்கே வெட்டப்பட்ட கான்களின் கரையைச் சக்கரம் உடைத்தால், அடுத்த மழைக்கு மண் சரியும், அதை மறுபடியும் வெட்டுபவர் சைக்கிள்காரராக இருக்கப்போவதில்லை.

கேள்வி: ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்வது இழுக்கா?

பதில்: இல்லை. நடைவேகத்திலும் குறைந்தால் இருசக்கர வண்டி நிலைகுலையத் தொடங்குவதால், அந்த இடத்தில் மிதிப்பதைவிடத் தள்ளுவதே சிக்கனமானது. கூடையோடு மடுவத்துக்கு ஏறும் பெண்கள் அப்போது முந்திச் செல்வார்கள், அவர்களுக்கும் வழிவிடவேண்டும்.