தரம் முதலில், ரேட் பிறகு

அரசுக் கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுக்கும்போது, குறைந்த ரேட் கேட்டவருக்கே கொடுத்தால் என்ன?
(திருநெல்வேலி வாசகி)

இதய ஆபரேஷனுக்கு டாக்டர் தேடும்போது, 'யார் ஃபீஸ் கம்மி?' என்றா முதலில் விசாரிப்பீர்கள்? அமெரிக்க மத்திய அரசு 1972-லேயே இதற்கென்று புரூக்ஸ் சட்டம் கொண்டுவந்தது. தகுதி, அனுபவம் பார்த்துக் குறைந்தது 3 நிறுவனங்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பிடித்தவரிடம் மட்டும் கட்டணம் பேச வேண்டும். படியவில்லையா? அடுத்தவரிடம் போகலாம்.

நம் நாட்டில்?
(ஈரோடு வாசகர்)

இங்கே இரண்டு கவர். தரத்தைச் சொல்லும் கவர்தான் முதலில் கவர வேண்டும்! அதில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தவர்களின் ரேட் கவரை மட்டுமே பிரிப்பார்கள். பிறகு இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டுவார்கள். 2017 பொது நிதி விதிகளின்படி, இந்த முறையில் தரத்துக்கு 80 சதவீதம் வரை இடம் தரலாம். அந்த 80-ஐ முழுசாகத் தர வேண்டும் என்பது என் கட்சி. வரைபடத்தில் மிச்சம் பிடித்த காசு, கூரை ஒழுகும்போது பல மடங்காக வெளியே போகும்.

புதியவர்களுக்கு வழியே இல்லையா?
(நாகப்பட்டினம் வாசகர்)

பெயரை மறைத்துப் போட்டி வைத்தால் உண்டு. பாரிஸின் பாம்பிடூ மையத்துக்கு 1971-ல் 681 வடிவங்கள் வந்தன. ஜெயித்த ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும் அப்போது முப்பதுகளில் இருந்தவர்கள்.

உங்கள் ஊரில் புது பஸ் ஸ்டாண்ட் வருகிறதா? வரைந்தவர் யார், எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.