கயிறு கட்டிய கதவே, வாழி!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்து சேரும் பழைய வேன்களின் கதவே, உனக்கு என் வணக்கம். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் வாழ்த்து உண்டு. புஷ்பக் காவடிக்கு அரோகரா உண்டு. சரவணப் பொய்கைக்குக் கற்பூரம் உண்டு. ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் படித் திருவிழாவில் 365 படிகளையும் பூசித்துப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர், சித்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டுவந்து இறக்குகிற உன்னை மட்டும் யாரும் பாடியதில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

உன் முதல் பெருமை, எதையும் கேட்டு வாங்காத குணம். மெட்டடார் வேன் ஒருகாலத்தில் தமிழ்நாட்டின் பாதிக் கல்யாணங்களைச் சுமந்தது. அதைச் செய்த பஜாஜ் டெம்போ 1987-இல் டிராவலரைக் கொண்டுவந்தது. 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது. மெட்டடார் தயாரிப்பு நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நீ மட்டும் தொழிற்சாலையில் பூட்டிய அதே கீல் ஊசியோடு நிற்கிறாய். எஞ்சினுக்கு ஆயில் மாற்றினார்கள். டயருக்கு ரீட்ரெடிங் போட்டார்கள். முன்கண்ணாடிக்கு மேலே முருகன் படத்தைச் சுற்றிச் சீரியல் விளக்கு மாட்டினார்கள். உன் கீலுக்கு ஒரு சொட்டு கிரீஸ் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீயும் கேட்கவில்லை.

அடுத்தது உன் பணிவு. திறந்து நிற்கும்போது உன் வெளி ஓரத்தைக் கையால் மெல்லத் தூக்கினால் ஒரு விரல் கனத்துக்கு எழும்புகிறாய். கையை எடுத்தால் மறுபடி தலை தாழ்த்துகிறாய். கீல் ஊசி தேய்ந்து, அது உட்கார்ந்திருக்கும் புஷ் முட்டை வடிவமாகிவிட்டதால் வந்த பணிவு அது. கதவு தாழ்ந்தால் பூட்டின் நாக்கும் தாழும். தூணில் இருக்கும் லாக் பிளேட்டோ பழைய உயரத்திலேயே இருக்கும். இரண்டும் சந்திக்காது. இதைக் கண்ட பட்டறைக்காரர் என்ன செய்கிறார்? லாக் பிளேட்டின் ஓட்டையை அரத்தால் ராவிக் கீழே இறக்குகிறார். ஆறு மாதத்தில் நீ இன்னும் தாழ்கிறாய், அவர் இன்னும் ராவுகிறார். கடைசியில் பிளேட்டில் ஓட்டை மட்டும் மிஞ்சுகிறது, உலோகம் மிஞ்சுவதில்லை. லேத் பட்டறையில் புது ஊசியும் புது புஷ்ஷும் கடைந்து மாட்டியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நோய் கீலில் இருக்க, மருந்தைப் பூட்டுக்குக் கொடுக்கிறார்கள். அதையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறாயே, உன் பணிவை என்னவென்று சொல்வது!

உன் ஈகையோ இன்னும் பெரிது. கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் உன் வயிற்றுக்குள் சேமிக்கிறாய். கதவைச் செய்தவர்கள் அந்த நீர் வடிந்து போவதற்காகவே அடிப்பக்கத்தில் சிறு துளைகள் விட்டிருந்தார்கள். அவற்றைப் பட்டி போட்டு அடைத்து, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டார்கள். போக வழியில்லாத நீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே தகட்டைத் தின்கிறது. வெளியே பார்த்தால் மயிலும் வேலும் தீட்டிய அழகு. கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும் துரு. துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்து, இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு அடித்து, வடிகால் துளையைத் திறந்துவிடுவதுதான் டிங்கரிங். துருவின்மேல் பட்டி பார்ப்பது துருவுக்குப் போர்வை போர்த்துவது. உன் துருவுக்குக் குளிரக்கூடாது என்று இத்தனை பேர் கவலைப்படுகிறார்கள் என்றால் நீ கொடுத்துவைத்த கதவுதான்.

உன் இசையையும் சொல்லியாக வேண்டும். திருவள்ளூர் தாண்டி வேகம் எடுத்ததும் தாளம் போடத் தொடங்குகிறாய். திருத்தணி வரும்வரை நிறுத்துவதில்லை. உள்ளே இருப்பவர்கள் பஜனையின் சத்தத்தில் அதைக் கேட்பதில்லை. வாகனக் கதவின் பூட்டு இரண்டு கட்டமாகப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. சாத்தும்போது முதலில் ஒரு 'டக்', பிறகு இன்னொரு 'டக்'. முதல் சத்தத்தில் கதவு பாதிதான் பிடித்திருக்கிறது, தப்பித்தவறித் திறந்துவிடாமல் இருக்க வைத்த இடைக்காப்பு அது. இரண்டாவது சத்தம் கேட்டால்தான் முழுப் பூட்டு. காய்ந்து கல்லாகிப்போன ரப்பர் பீடிங்கோடு, அல்லது அளவு பார்க்காமல் ஒட்டிய தடித்த புது பீடிங்கோடு, உனக்கு இரண்டாவது சத்தம் வருவதே இல்லை. முதல் 'டக்'கிலேயே திருப்தி அடைந்து பயணம் முழுக்க ஆடிக்கொண்டே வருகிறாய்.

மலைப்பாதையில்தான் உன் வீரம் முழுமையாக வெளிப்படுகிறது. நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்பக்கம் போகும். அதனால் நீயும் இடப்பக்கம் இருக்கிறாய். வண்டி வலப்புறம் வளையும் ஒவ்வொரு முறையும் உள்ளிருப்பவர்கள் இடப்புறம் சாய்கிறார்கள், அதாவது உன்மேல். பாட்டியும் பேரனும் மொட்டை போட்ட குழந்தையும் மடியில் வைத்த பானையும் சேர்ந்த பாரம் அது. அத்தனையையும் பாதிப் பூட்டில், தேய்ந்த ஊசியில், ராவிய பிளேட்டில் தாங்கி நிற்கிறாய். முருகனிடம் இத்தனை பேர் இவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொள்ள நீயும் ஒரு காரணம்.

உன்னைப் புகழும்போது உன் துணையை மறக்கக்கூடாது. நீ பிடிக்க மறந்ததைப் பிடிப்பது கயிறு. கைப்பிடியில் ஒரு முடிச்சு, சீட்டுக் கம்பியில் ஒரு முடிச்சு. உட்பக்கக் கைப்பிடி உடைந்து விழுந்த நாளிலிருந்து உன்னைத் திறக்கும் உரிமை கயிற்றுக்கும் அதைக் கட்டிய கிளீனருக்குமே சொந்தம். உள்ளே இருப்பவர் எத்தனை அவசரத்தில் தள்ளினாலும் நீ அசைவதில்லை. பேருந்துகளுக்கான இந்தியத் தரநிலை ஏ.ஐ.எஸ். 052, நின்றிருக்கும் வண்டியின் கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எளிதாகத் திறக்க வேண்டும் என்கிறது. அதை எழுதியவர்கள் காரணத்தோடுதான் எழுதினார்கள். 2013 அக்டோபர் 30 அதிகாலையில், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசுப் பேருந்து தீப்பிடித்தது. உள்ளே சிக்கி 45 பேர் இறந்தார்கள். தீ பிடித்த வண்டியில் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். ஈரத்தில் இறுகிய முடிச்சை அந்த நேரத்துக்குள் யார் அவிழ்ப்பார்?

உன் சமத்துவ உணர்வையும் போற்றுகிறேன். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் படியேறும்போது, பைகளையும் சமையல் பாத்திரங்களையும் கைபேசிகளையும் உன் பொறுப்பில் விட்டுப் போகிறார்கள். வெளிப்பக்கம் கொண்டி வைத்துப் பெரிய பூட்டுத் தொங்குகிறது. பூட்டு நல்ல கம்பெனிப் பூட்டு. அதைத் தாங்கும் கொண்டியோ வெளியிலிருந்து முடுக்கிய நாலு ஸ்குருவில் நிற்கிறது. பூட்டைத் தொடாமலே ஸ்குருவைக் கழற்றி உள்ளே போய்விடலாம். உரிமையாளர் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுவார், திருடருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. நல்ல தகட்டில் ஊடுருவும் போல்ட் போட்டு, உட்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் வைத்து இறுக்கியிருந்தால் இந்தச் சமத்துவம் கெட்டிருக்கும்.

ஆண்டில் ஒரு நாள் மட்டும் நீ வேறு பிறவி எடுக்கிறாய். எட்டு வயதைக் கடந்த வாடகை வண்டி ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்த நாளுக்காகக் கயிறு அவிழ்கிறது. கைப்பிடி இரவலாக வந்து உட்காருகிறது. பீடிங் பசை காயாமலே ஒட்டிக்கொள்கிறது. சான்று கையில் வந்த மறுநாள் கயிறு தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. தாளில் இருக்கும் தகுதியும் தகட்டில் இருக்கும் தகுதியும் வேறு வேறு என்பதற்குத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் பேருந்துப் படிக்கட்டில் நின்று போன நான்கு மாணவர்கள் இறந்தார்கள். இரண்டையும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்து விசாரித்தது. பள்ளி வாகனக் கதவுகளுக்கு நம்பகமான பூட்டு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லியிருந்தது. அதையெல்லாம் பார்த்தும் பதறாமல் கயிற்றை நம்பி நிற்கிற உன் நிதானம் யாருக்கு வரும்?

தமிழில் இப்படிப் புகழ்வதற்கு ஒரு முன்னோடி உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், மாலை சூட்டி நெய் பூசிய அவனுடைய படைக்கலங்கள் மாளிகையில் அழகாக இருப்பதைப் பாராட்டினார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உழைக்கும் பொருள் பட்டறைக்குப் போகும், உழைக்காத பொருள் மாலையோடு நிற்கும் என்பது அந்தத் தூதின் பொருள். கதவே, உன் நெற்றியில் சந்தனப் பொட்டு இருக்கிறது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. சாமந்தி மாலை புதிதாக இருக்கிறது. உன் கீல் பட்டறைப் பக்கம் போனதற்கான ஓர் அடையாளம்கூட உன்னிடம் இல்லை.

உன்னை இப்படி அலங்கரித்து நிறுத்தியிருக்கும் ஊரோ வாசலின் அருமை தெரிந்த ஊர். ம.பொ.சி. தலைமையில் வட எல்லைக்காக மக்கள் சிறை சென்று போராடியதன் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாநிலத்தின் வடக்கு வாசலைக் காக்க அத்தனை பேர் துன்பப்பட்டார்கள். அந்த வாசல் வழியாக வருகிறவர்களின் வண்டி வாசலைக் காக்க ஓர் ஊசியும் ஒரு புஷ்ஷும் போதும்.

புகழ் இதோடு போதும். இனி வண்டி வைத்திருப்பவர்களிடம் நேராகவே பேசுகிறேன். பழைய வண்டியை வைத்திருப்பது குற்றம் இல்லை. 1930-களிலிருந்து வந்த ஏர்ஸ்ட்ரீம் அலுமினிய இழுவை வீடுகளை அமெரிக்கர்கள் இன்றும் பழுது பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கற்ற பாடம் நமக்கும் பொருந்தும். கதவு சாத்தவில்லை என்றால் முதலில் கதவைத் தொடாதீர்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வாசல் சட்டத்தின் குறுக்களவை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பழுது வண்டியின் சட்டத்தில், தரையில், பில்லரில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கதவை இழைத்தால் வேலை வீண். அளவு சரி என்றால் கீலைப் பாருங்கள், பிறகு பூட்டு, அதன்பின் பீடிங், கடைசியில் பெயின்ட். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் நம் பட்டறைகளில் நடக்கும் தவறு. உட்பக்கக் கைப்பிடி இல்லாத கதவை ஒரு நாளும் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளிக்கொண்டியைப் போடாதீர்கள்.

வாடகைக்கு வேன் பிடித்துத் திருத்தணி போகிறவர்களே, முன்பணம் கொடுக்கும் முன் கதவைத் திறந்து தூக்கிப் பாருங்கள். சாத்தி, இரண்டு 'டக்' கேட்கிறதா என்று பாருங்கள். உள்ளே உட்கார்ந்து நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும், கயிறு ஒன்று கண்ணில் பட்டாலும், அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். கயிறு கட்டிய கதவுக்கு நாம் வாடகை கொடுக்கும்வரை அது பட்டறைக்குப் போகாது.