அச்சுக்கு முன் ஒரு பார்வை

"அச்சேறுவதற்கு முன்னால் ஒரு தடவை எனக்குக் காட்டிடுங்க, தம்பி" என்று பேட்டி கொடுத்தவர் கேட்கையில், அந்தக் குரலின் விநயத்தில் மயங்காத நிருபரைச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நான் கண்டதில்லை. பிழை திருத்தத்தான் கேட்பதாகச் சொல்வார்கள். பிழைகளோ இருந்த இடத்தில் க்ஷேமமாக இருக்கும்; திருத்தப்படுவது பேசியவரின் பேச்சுத்தான்.

பஃபலோ ரோட்டுப் பக்கம் மாலைக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், "வியாபாரம் படுத்துப்போச்சு, வாடகை கழுத்தை நெரிக்குது" என்று என்னிடம் அழகாக அங்கலாய்த்தார். பார்வைக்குச் சென்ற பிரதி, "சவால்கள் நிறைந்த சூழலிலும் எமது ஸ்தாபனம் உத்வேகத்துடன் முன்னேறுகிறது" என்ற வாசகத்தைத் தாங்கித் திரும்பியது. சம்பாஷணையில் தலைகாட்டாத மைத்துனர் ஒருவரும், கோயில் கமிட்டிப் பொருளாளர் என்ற பட்டத்தோடு அதில் குடியேறியிருந்தார். கடை தொடங்கியதாகப் பெரியவர் சொன்ன இரண்டு வெவ்வேறு ஆண்டுகள் மட்டும் பேனா படாமலே வந்து சேர்ந்தன. அவரை நோவானேன்? பேசியது அவர் வாய். படிக்கப்போவது சம்பந்தி வீட்டார்.

பேட்டியைக் காட்டிச் சம்மதம் பெற்றபின் பிரசுரிப்பது ஜெர்மனியில் நெடுநாளைய சம்பிரதாயம். பிற்காலத்தில் அந்நாட்டின் சான்சலரான ஓலாஃப் ஷோல்ஸ், கட்சிப் பொதுச்செயலாளராக இருந்த 2003ஆம் ஆண்டில் சம்மதம் மறுத்த ஒரு பேட்டியை, 'டாட்ஸ்' என்னும் பெர்லின் நாளிதழ், கேள்விகளை மட்டும் விட்டுவைத்து, பதில்களுக்கெல்லாம் கறுப்பு மை பூசி வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸோ, மேற்கோள்களை அனுமதிக்கு அனுப்பும் பழக்கத்தை 2012இல் தன் நிருபர்களுக்குத் தடைசெய்தது.

அந்த வீரமெல்லாம் இங்கே செல்லாது. சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவு நாட்டில், இன்று மை பூசப்பட்டவரை நாளைக் காலை தேக்காச் சந்தை மீன்கடை முன் சந்தித்தாக வேண்டும். அங்கே தப்பினாலும், வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் சந்நிதியில் மைத்துனர் நிற்பார்.

ஆகையால் மத்திய மார்க்கம் ஒன்றைக் கைக்கொண்டிருக்கிறேன். பிரதியைக் கொடுப்பதில்லை, அவரவர் சொன்ன வாசகங்களையும், பெயர், ஆண்டு, தொகை முதலிய விவரங்களையும் மட்டும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறேன். கடுதாசியைக் கண்டவுடன் பேனாவைத் தேடுகிற மனிதர், காதால் கேட்கும்போது தம் பேச்சில் தாமே சொக்கிப்போகிறார். மாலைக்கடைப் பெரியவருக்கும், அவர் முதலில் பேசியபடியே கடைசியில் வாசித்தேன். "நல்லாத்தானே பேசியிருக்கேன்!" என்று மகிழ்ந்தார். இரண்டில் எந்த ஆண்டு சரி என்று விசாரித்தேன். சற்று யோசித்து, மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்.