மணிக்கட்டு உரசலியல்

மணிக்கட்டில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. இடக்கை, வலக்கை என்று பிரித்தே சொல்கிறது. அதே மணிக்கட்டில் ஸ்டீல் செயின் வாட்சைக் கட்டிக்கொண்டு ஒருவர் லேப்டாப்பில் டைப் அடித்தால் என்ன பலன் என்பதற்கு எந்தச் சாத்திரத்திலும் விதி இல்லை. பல்லி என்றைக்கோ ஒருநாள் விழுவது. செயினோ நாள் முழுக்கக் கிடப்பது. அறிவுலகம் இத்தனை காலம் காட்டிய இந்த அலட்சியத்தைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கால ஆராய்ச்சி. தட்டச்சு இயந்திரக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று பக்கம் பக்கமாக அடித்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். மணிக்கட்டு அந்தரத்தில் நிற்க வேண்டும். கையை ஊன்ற அந்த இயந்திரத்தின் முன்பக்கம் இடமே கிடையாது. மேசை விளிம்பில் ஊன்றப் பார்த்தால் மாஸ்டரின் ஸ்கேல் வந்துவிடும். லோயர், ஹையர் என்று எந்தத் தேர்வுக்குப் போனாலும் வாட்ச் காற்றில்தான் ஆடியது. தொடக்ககால லேப்டாப்புகள் பலவற்றிலும் விசைப்பலகை முன்விளிம்பை ஒட்டியே இருந்தது. 1991 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் வரிசையை வெளியிட்டபோது விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் உள்ளங்கைக்கு ஒரு திண்ணை கட்டிக் கொடுத்தது. திண்ணையைக் கண்டால் உட்காராமல் போக யாருக்கு மனம் வரும்? மற்ற நிறுவனங்களும் கட்டின, உலகமே உட்கார்ந்தது. ஆகவே உரசலியலின் தோற்றம் 1991 என்று துணியலாம். 2008-இல் அதே நிறுவனம் ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து லேப்டாப்பின் உடலைச் செய்யத் தொடங்கியதும் துறை முதிர்ச்சி அடைந்தது. பிளாஸ்டிக்கில் உரசினால் அது தேய்மானம். அலுமினியத்தில் உரசினால் அது துக்கம்.

மறுதரப்பின் வரலாறு இன்னும் பழையது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் சீக்கிரம் அரித்துப் போகாத துப்பாக்கிக் குழலுக்கான உலோகத்தைத் தேடிப்போய், 1913-இல் துருப்பிடிக்காத எஃகில் வந்து நின்றார். தான் தேயாமல் பிறரைத் தேய்க்கும் குணம் அதற்குப் பிறவியிலேயே அமைந்தது என்க. நம் பக்கத்தில் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து ஓசூரில் டைட்டன் வாட்ச் தொழிற்சாலையைத் தொடங்கின. பிறகு கல்யாண மாப்பிள்ளை கையில் செயின் வாட்ச் ஏறுவதற்குச் சொல்லவா வேண்டும்! மாமனார் போட்ட வாட்சை அலுவலகத்துக்குக் கட்டிப் போகாமல் இருப்பது குடும்ப அமைதி சார்ந்த விஷயம். அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

இனி ஆய்வுப் பொருளைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். லேப்டாப்பின் இடப்பக்கத் திண்ணையில், முன்விளிம்பை ஒட்டி, வெளிச்சம் சாய்வாக விழுந்தால் மட்டும் கண்ணுக்குப் படும் மெல்லிய கீறல்கள். அவை நேர்கோடுகள் அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சிறு வில்கள். முழங்கை ஓரிடத்தில் ஊன்றியிருக்க, சுண்டுவிரல் ஷிஃப்ட் விசைக்கும் ஆள்காட்டி விரல் ‘ஜி’க்கும் போய்வருவதால் மணிக்கட்டு இப்படியும் அப்படியும் அரைவட்டம் அடிக்கிறது. அப்போது அடியில் இருப்பது டயல் அன்று, லாக். வாட்சின் அழகெல்லாம் மேலே, கீறும் உத்தியோகமெல்லாம் கீழே. மடிந்து மூடும் அந்தத் தகட்டின் முனைதான் இங்கே எழுத்தாணி.

அஃதேல், அலுமினியத்தின் மேலுள்ள ஆனோடைஸ் படலம் எஃகுக்கும் ஈடு கொடுக்கக்கூடியது ஆயிற்றே, கீறல் விழுவது எங்ஙனம் எனின்: படலம் அலுமினியம் ஆக்சைடுதான். மாணிக்கமும் நீலக்கல்லும்கூட அதே பொருள்தான். மோஸ் கடினத்தன்மை அளவையில் அவற்றுக்கு 9. ஆனால் இந்தப் படலம் ரத்தினம்போல் படிகமாக இறுகாதது. தடிமனும் மைக்ரான் கணக்கில்தான். அடியிலுள்ள அலுமினியமோ மெத்து. லாக்கின் முனை அழுத்தும்போது அடித்தளம் அமுங்க, மேற்படலம் விரிசல் விடுகிறது. இன்னொன்றும் உண்டு. கீறல் என்று நாம் கண்கலங்கும் கோடுகளில் சில, படலத்தில் உரசி எஃகு தன்னைத்தானே இழந்து விட்டுப்போன தடங்கள். அங்கே காயம் பட்டது செயினுக்கு; வாதியும் பிரதிவாதியும் இடம் மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

மூலகாரணத்தைத் தேடினால் அது வாட்ச் கடையில் போய் முடிகிறது. “ரெண்டு கண்ணி எடுத்துடவா சார்?” என்று கடைக்காரர் கேட்பார். “ஒண்ணு போதும்ணே, கொஞ்சம் லூஸாவே இருக்கட்டும்.” கையை ஓர் உதறு உதறினால் வாட்ச் ‘சலக்’ என்று இறங்கி மணிக்கட்டில் உட்காரவேண்டும் என்பது நம் ஆண்களின் நெடுநாள் ஆசை. அந்த ஒரு கண்ணிதான் பின்னால் திண்ணையைப் பதம் பார்க்கிறது.

தமிழ்99 விசைப்பலகையை ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு தத்துவ உலகைக் கலங்கடிக்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் வலப்பக்கம். வகரம்போல் ஒன்றிரண்டுதான் எல்லை தாண்டி வந்து குடியிருக்கின்றன. வாட்சைப் பெரும்பாலோர் இடக்கையில் கட்டுவதால், தமிழ் அடிக்கும்போது மெய் சுதந்திரமாக ஓட, உயிர்தான் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது. சித்தர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் வாட்ச் கட்டவில்லை.

மின்சாரத்தையும் காந்தத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எர்த் இணைப்பில்லாத இரண்டு பின் சார்ஜரில் போட்ட அலுமினிய லேப்டாப்பைத் தடவினால் சில நேரம் கையில் ஜிவ்வென்று ஓர் உணர்வு வரும். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை அடக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாக நூலளவு மின்சாரம் கசிவதே காரணம். சர்வதேசப் பாதுகாப்புத் தரம் அதை 0.25 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. செயினின் கூர்முனை வழியே வந்தால் அதுவே ‘சுருக்’. காந்தத்தில் ஒட்டும் பின்னல் பட்டை கட்டியவர்களின் அனுபவம் வேறு. மூடி மூடப்பட்டதா என்பதைப் பல லேப்டாப்புகள் காந்தத்தை வைத்தே அறிகின்றன. பட்டையின் காந்தம் சரியான இடத்துக்கு மேல் வந்தால், எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே லேப்டாப் தூங்கிவிடும். கூட்டத்தில் புள்ளிவிவரம் காட்டும் நேரத்தில் இது நடந்தால் சிலர் இறையருள் என்றும் கொள்வர்.

உரசலை எதிர்கொள்வதில் பயனர்கள் பல மதத்தவர். வாட்சை முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுவோர் ஒரு சாரார். அவர்கள் வாட்ச் கட்டியவர்போல் அல்லாமல் ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்தவர்போல் தோன்றுவர். டயலை உட்பக்கம் திருப்பிக்கொள்வோர் லேப்டாப்பைக் காத்து வாட்சின் கண்ணாடியைப் பலி கொடுப்போர். வலக்கைக்கு மாற்றுவோருக்கு மவுஸ் பேட் காத்திருக்கிறது. இவையெல்லாம் வழுவே. கழற்றி வைப்பதுதான் சித்தாந்தம்.

ஆனால் கழற்றி வைக்கப்போகும் பொருளை ஏன் கட்டிவர வேண்டும் என்ற வினா இங்கே எழும். மணி பார்க்கத் திரையின் மூலை போதும். இணையத்தோடு ஒத்துப்பார்த்து அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே அலுவலகத்தில் செயின் வாட்சின் பணி மணி காட்டுவது அன்று. காலையில் லாக்கைத் திறந்து மேசையில் ‘கலீர்’ என்று வைத்தால் இவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று பொருள். அதைவிடப் பெரிய பொருள் மாட்டுவதில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அந்த லாக் ‘டக்’ என்று பூட்டும் ஓசைக்கு, விசைப்பலகைச் சத்தம் எத்தனை இருந்தாலும், மேலாளரின் தலை நிமிரும். “என்ன சார், கிளம்பிட்டீங்களா?” இந்தக் கேள்வியைக் கடக்கும் வல்லமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால்தான் பலர் வாட்சைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாத்ரூம் போகிறவர்போல் எழுந்துபோய், லிஃப்ட் கதவு மூடிய பிறகு கட்டிக்கொள்கிறார்கள்.