பொய்க்கு ஈரப்பதம் பார்ப்பதில்லை

அட்டையில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். ஏழு ஒன்பது. தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடியவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கேசட்டுக்குள் ஒரு கோடிக்கு ஒன்று குறைய ஆட்டங்கள். நாளைக்கு நூறு வீதம் ஆடினாலும் தீர்க்க 273 வருஷத்துக்கு மேல் ஆகும். மன்னார்குடிப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தீர்த்தார்கள்.

உள்ளே இருந்ததே பத்துப் பன்னிரண்டு ஆட்டம். பட்டியலில் முதலில் மாரியோ. நாலு பக்கம் தள்ளினால் வேறு பெயரில் அதே மாரியோ, நடுக் கட்டத்திலிருந்து. இன்னும் தள்ளினால் காண்ட்ரா. அப்புறம் அதே காண்ட்ரா, உயிர் மட்டும் கூடுதல். பழையதற்குப் பெயர் மாற்றிப் புதுத் திட்டமாக அறிவிக்கும் வித்தையை நம் பிள்ளைகள் பட்ஜெட் உரை கேட்கும் வயசுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் ஐம்பது கிராம் குறைத்து நிறுத்தால் தராசைத் தூக்கிப் போக அதிகாரி உண்டு. ஒரு கோடி என்று அச்சடித்துப் பத்து கொடுத்தவரைத் தேடி எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் வரவில்லை. ஏழு ஒன்பதை எண்ணிப் பார்க்க எந்த அதிகாரி ஜாய்ஸ்டிக் பிடிப்பார்?

சினிமாவுக்கு மட்டும் மார்க் இருந்தது. 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 போட்டதைத் தமிழ்நாடு இன்றும் பத்தாம் வகுப்பு மார்க் போல ஒப்பிக்கிறது. அரை மார்க் வரை கறார். அதே வீட்டில், அதே டிவிக்கு முன்னால், பிள்ளைகள் அழுது வாங்கிய சாமானுக்கு மார்க் போட ஆளில்லை. ஜப்பானில் 1986-ல் தொடங்கிய ஃபாமிட்சு என்ற டிவி கேம் பத்திரிகையில் நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்குப் பத்து என்று நாற்பதுக்கு மார்க் போட்டார்கள். நம் ஊரில் நாலு பேர் வேண்டுமென்றால் அது வேறு காரியத்துக்கு.

விமர்சனமே இல்லை என்று சொன்னால் பாவம். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய டிவி கேம் கடை பெஞ்சில் அது நடந்தது. தன் முறைக்குக் காத்திருக்கும் பொடியன் திரையைப் பார்த்துச் சொல்வான்: "டேய், இது அதே ஆட்டம்டா. கலரு மட்டும் மாத்தியிருக்கான்." ஒரே வரி. யாரிடமும் விளம்பரம் வாங்காத வரி. கடைக்காரர் திரும்பி, "ஆடுறியா, எந்திரிச்சுப் போறியா?" என்பார். இதே வசனத்தைப் பிற்காலத்தில் பெரிய சங்கங்கள் லெட்டர்பேடில் எழுதின. அதற்குப் பிறகு வருகிறேன்.

நகல் பெட்டியில்தான் ஏமாற்று, அசல் கம்பெனி வந்தால் விடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. 1995-ல் அசல் வந்தது. சேகா கம்பெனியின் மெகா டிரைவ். இந்தியாவில் விற்றது யார்? மதுவுக்குப் பேர்போன ஷா வாலஸ். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே இடத்தில் சப்ளை. இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்த காலம். பெட்டி விலை 18,000 ரூபாய். அந்த வருஷம் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 360. கணக்குப் போடுங்கள். ஐம்பது குவிண்டால். நாற்பது கிலோ சிப்பம் 125. இரண்டு ஏக்கர் நன்றாக விளைந்து, மொத்தத்தையும் அளந்து போட்டு, வீட்டுக்கு ஒரு மணி நெல்கூட எடுத்துப் போகாமல் இருந்தால், பையன் ஒரு நீல முள்ளெலி ஓடுவதைப் பார்க்கலாம். அது ஓடுவது அந்த விலைக்குத் தகுமா என்று தஞ்சாவூர்க்காரனுக்கு எடுத்துச் சொன்ன பத்திரிகை எதையும் நான் பார்த்ததில்லை.

விமர்சனம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமா? கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள். மூட்டையில் குத்தூசி இறங்கும். ஒரு பிடி நெல் வெளியே வரும். ஈரமானியில் போடுவார்கள். 17 என்றால் பாஸ். 19 என்றால் கொட்டிக் காய வை. கருக்காய், பதர், கல், மண், நிறம் மங்கியது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள் என விவசாயிகள் சங்கங்கள் வருஷா வருஷம் புகார் சொல்கின்றன. விமர்சகருக்குச் சன்மானம் போலிருக்கிறது. மழை கொட்டினால் டெல்லியிலிருந்து குழு வரும். மாதிரி எடுக்கும். போகும். 2023 பிப்ரவரியில் போனால் போகிறதென்று 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். மூன்று சதவீதம் கொடுக்க ஒரு மத்தியக் குழு.

நாம் விற்பதற்குக் குத்தூசி. நாம் வாங்குவதற்கு ஏழு ஒன்பது.

அமெரிக்காவில் மட்டும் யோக்கியம் வாழ்ந்ததா? 1982-ல் அடாரி கம்பெனி பேக்மேன் கேசட் போட்டது. வீடுகளில் இருந்த பெட்டி சுமார் ஒரு கோடி. தயாரித்த கேசட் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் என்பது அந்தத் தொழிலே சொல்லிச் சிரிக்கும் கணக்கு. அதே வருஷம் 'இ.டி.' படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அதன் உரிமைக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் கொட்டியதாகச் சொல்வார்கள். ஆட்டத்தைச் செய்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கொடுத்தது ஐந்து வாரம். பெயருக்கு இரண்டு கோடி, பொருளுக்கு ஐந்து வாரம். கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அன்றைய பத்திரிகைகள் மாதம் ஒரு முறை வருபவை. விமர்சனம் அச்சேறுவதற்குள் பண்டிகை முடிந்து, பில்லும் கிழிந்திருக்கும்.

அந்த ஆட்டத்தில் இ.டி. குழியில் விழும். ஏறும். மறுபடி விழும். கடைசியில் கேசட்டே குழிக்குப் போனது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினால் கிடைத்தது. நாம் கீழடியில் தோண்டி நாகரிகத்தை எடுத்தோம். அவர்கள் தோண்டி எடுத்தது தங்கள் லட்சணத்தை.

தொழில் படுத்தது. பாடமும் கற்றது. விமர்சகனோடு மல்லுக்கு நிற்பானேன், நாமே விமர்சகன் ஆகிவிடலாமே? 1988-ல் அமெரிக்காவில் நிண்டெண்டோ கம்பெனி 'நிண்டெண்டோ பவர்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கியது. பெட்டி அவர்களுடையது. பத்திரிகை அவர்களுடையது. மார்க்கும் அவர்களே. தன் கையே தனக்கு உதவி.

இன்று எல்லோரும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். செல்போனில் புது ஆட்டம் வந்தால் 'நேர்மையான விமர்சனம்' என்று ஒரு தம்பி வீடியோ போடுகிறார். கீழே கூப்பன் எண். ஆன்லைன் ரம்மிக்கு நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டே சாட்சி சொன்னார்கள். பணம் போகும், அடிமையாவாய் என்ற உண்மையைக் கடைசி இரண்டு வினாடியில் ஒருவர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். 2022 அக்டோபரில் தமிழகச் சட்டசபை நிறைவேற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நாலு மாதத்துக்கு மேல் வைத்திருந்து 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். மசோதாவில் ஈரம் இருந்ததோ என்னவோ.

இப்போது லெட்டர்பேடுக்கு வருவோம். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. எந்திரிச்சுப் போறியா என்பதன் சங்கத் தமிழ். படம் வந்து மூன்று நாள் வரை இணையத்தில் விமர்சனமே கூடாது என்று வழக்கும் போனது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. கேட்ட நாளைக் கவனியுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. டிக்கெட் விற்கும் மூன்று நாள். அடாரிக்கு ஒரு கிறிஸ்துமஸ். இவர்களுக்கு ஒரு வார இறுதி. அதுவரை நாட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், காசு பெட்டிக்குள் போய்விட்டது.

எங்களுக்கும் அப்படி மூன்று நாள் கொடுங்களேன். ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல் நனைந்து கிடக்கும்போது, மூன்றே நாள் அந்த ஈரமானியைப் பூட்டி வையுங்கள். முடியாது என்பீர்கள். நியாயம்தான். மூன்று நாளில் நெல் முளைத்துவிடும். பொய் அதற்குள் அறுவடையே முடித்துவிடும்.