வண்டலூர் சிநேகம்

பிற மாநிலத்திலிருந்து உத்தியோக நிமித்தமாகத் தாம்பரத்தில் வந்து குடியேறுகிறவர், வார இறுதியில் உள்ளூர்க்காரரோடு சிநேகம் வளர்க்கலாம் என்று எண்ணுவாராயின், அவர் முதற்கண் அறிய வேண்டிய சங்கதி, வெள்ளிக்கிழமை அஸ்தமித்ததும் அந்த உள்ளூர்க்காரர் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிவிடுவார் என்பதேயாகும். (2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறக்கப்படும்வரை இந்த வைபவம் பெருங்களத்தூர்ச் சாலையோரத்தில் நடந்துவந்தது.)

எஞ்சுகிறவர்கள், சொந்த ஊர் ஓரிரவு, ஈரிரவு ரயில் பயணத்துக்கு அப்பால் இருப்பதால் எங்கும் போக இயலாத ஒடியரும் வங்காளியும் பீகாரியும்தாம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தின் வாசலில் வாரம் முழுதும் ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராத இவர்கள், ஞாயிறன்று வண்டலூர் உயிரியல் பூங்காவின் 602 ஹெக்டேரையும் கால்நடையாகவே பார்த்துவிடுவது என்று துணிந்து, பாதி வழியில், மனிதக்குரங்கைக் கண்ட ஆனந்தத்தாலோ முழங்கால் வலியாலோ, ஆப்த நண்பர்களாகிவிடுகிறார்கள். அந்தப் பூங்காவும் சென்னை மூர் மார்க்கெட் பக்கத்திலிருந்து இடம் போதாமல் 1985-இல் புறநகருக்குக் குடிவந்ததுதான். ஆயினும் அதை யாரும் வெளியூர் என்று சொல்வதில்லை.

திங்கள் விடியலில் தூக்கக் கலக்கத்தோடு திரும்பும் உள்ளூர்க்காரர், இவர்களுடைய புகைப்படங்களைப் பார்த்து, இத்தனை வருஷம் பக்கத்திலிருந்தும் தாம் அங்கே போனதில்லையென்று வியந்து, நாளைக்கே விடுப்பெடுத்துக் குடும்பத்தோடு போவதாகப் பிரகடனம் செய்கிறார். செவ்வாய்தோறும் பூங்காவுக்கு விடுமுறை என்பது புதியவர்களுக்குத் தெரியும். ஊர்க்காரருக்கு ஊரைப்பற்றிச் சொல்வது மரியாதையல்லவே என்று மௌனமாக இருந்துவிடுகிறார்கள்.