கோச்சி வந்த ஊர்

இலங்கையின் அப்புத்தளை ஒரு மலைமுதுகில் இருக்கிறது. டவுனின் ஒரு பக்கம் நின்றால் தெற்கே சமவெளி. வானம் வெளித்த நாளில் கடல்வரை தெரியும். மறுபக்கம் ஊவாவின் மலைகள். 1893இல் கோச்சி, அதாவது ரயில், இங்கே வந்துவிட்டது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று.

என் சின்ன வயதில் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறுதான் இந்த டவுனுக்குத் திருநாள். தம்பத்தென்னைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனம் திமுதிமுவென்று இறங்கும். கருவாடு, வெற்றிலை, பிள்ளைக்கு ஒரு சட்டை, பழைய கடன் என்று கடைகடையாகக் காசு கரையும். திங்கள் விடிந்தால் பெரட்டு என்ற ஆள்கணக்கு, கொழுந்துக்கூடை.

ஸ்டேஷனை நினைத்தால் அழுகைதான் காதில் கேட்கிறது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அந்தக் கணக்கில் எங்கள் சித்தப்பா குடும்பமும் இருந்தது. தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், பிறகு கூடலூர். தகரப் பெட்டிகளை ஏற்றிய பிறகும் அப்பாயி ஜன்னல் கம்பியை விடவில்லை. “போனதும் கடுதாசி போடுடா தம்பி.” சித்தப்பா போட்டார். அது தோட்டத்து ஒபிஸுக்கு வந்து, கைமாறி, பிரிக்கப்பட்டு, பல நாள் கழித்துக் கிடைத்தது. வரிசைவீட்டு லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு ஏது விலாசம்?

இன்று அதே பிளாட்பாரத்தில் உலகத்துப் பிள்ளைகள் முதுகுப்பையோடு சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். 1890இல் தேயிலை முதலாளி லிப்டன் கட்டிய தம்பத்தென்னைத் தொழிற்சாலையைப் பார்க்கிறார்கள். அவர் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடத்துக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள். வரட்டும். ஆட்டோ ஓட்டுவதும் வழியில் ரொட்டி சுட்டு விற்பதும் எங்கள் பிள்ளைகள்தான். அந்தக் காசில் படிப்புச் செலவு நடக்கிறது. ஆனால் அவர்கள் படம் பிடிக்கும் பச்சை மலைக்குக் கீழே லயம் இன்னும் லயமாகவே நிற்கிறது. அந்த மலையைக் காடு வெட்டி, கவ்வாத்து வெட்டி உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு அதில் ஒரு முழம்கூடச் சொந்தமில்லை.

1948இல் எங்களிடமிருந்து பறித்த குடியுரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முழுதாகத் திரும்பியது. வாக்குச் சீட்டு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நிலம் இல்லாததன் விலை என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடியது. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அந்தச் சனத்துக்கு எழும்பிப் போக வேறு காணிதான் இல்லை.

சிறு காணித் துண்டுகளில் தனிவீடுகள் இப்போது எழும்புகின்றன. சந்தோஷம்தான். ஆனால் தேவைக்கு முன்னால் அந்த எண்ணிக்கை மிகச் சிறிது. தேர்தலுக்குத் தேர்தல் மேடை போட்டு ஏறுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சரியாத மண்ணாகப் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் காணி உறுதி எழுதிக் கொடுங்கள். தபால்காரர் நேராக வந்து கதவைத் தட்டட்டும்.